73,000 கட்டைகள்: ரூன்ஸ்கேப்போடு 2006 முதல்

போன லீவுக்கு வந்திருந்த அக்கா பையன், நான் போனில் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் ஆடிக்கொண்டிருந்ததைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். என் கதாபாத்திரம் முதுகில் ஒரு கேப் போட்டு நின்றுகொண்டிருந்தது. மரம் வெட்டுவதில் 99-ஆவது லெவலைத் தொட்டவர் மட்டுமே வாங்கக்கூடிய, தோளிலிருந்து தொங்கும் அங்கி அது. "மாமா, இது எவ்வளவு?" என்றான். "தொண்ணூத்தொன்பதாயிரம் காசு" என்றேன். "அது இல்ல மாமா, ரூபாயில எவ்வளவு?"

அவன் ஆடும் கேம்களில் நல்ல உடுப்பு என்றால் அதற்கு ரூபாயில் ஒரு விலை இருக்கும். அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை யோசித்ததில் வந்ததுதான் இந்தப் பகிர்வு.

ரூன்ஸ்கேப்பில் மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது மாதிரி ஒவ்வொரு வேலையும் ஒரு ஸ்கில். ஒரு ஸ்கில் 99-ஆவது லெவலைத் தொட 1,30,34,431 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, வேண்டும். யூ மரம் வெட்ட 60-ஆவது லெவல் வேண்டும், ஒரு கட்டைக்கு 175 எக்ஸ்பி. 60-இலிருந்து யூ மரம் மட்டுமே வெட்டி 99-க்குப் போவதாக இருந்தால் கிட்டத்தட்ட 73,000 கட்டைகள் வெட்ட வேண்டும். பையில் 28 இடம்தான். பை நிறைந்ததும், பொருளைச் சேர்த்து வைக்கும் கேமுக்குள் இருக்கிற பேங்குக்கு நடை. அப்படி 2,600 நடை. நான் அப்படித்தான் போனேன். கேப் வாங்கக் கொடுக்கும் 99,000 காசு சும்மா ஒரு சம்பிரதாயம். அதன் உண்மையான விலை அந்த 2,600 நடைதான்.

2006-இல் தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்தேன். பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய். அந்தக் கம்ப்யூட்டர்களில் எதையும் இன்ஸ்டால் செய்ய விட மாட்டார்கள். ரூன்ஸ்கேப் ஜாவாவில் பிரவுசருக்குள்ளேயே ஓடியதால் முகவரியைத் தட்டினால் போதும், ஆட்டம் வந்துவிடும். இங்கிலாந்தில் கோவர் சகோதரர்கள் உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்ட கேம் அது. இலவசமாகவே ஆடலாம். மாதச் சந்தா கட்டினால் மெம்பர், உலகம் இன்னும் பெரிதாகத் திறக்கும். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் கார்டு அன்று எங்கள் வீட்டில் யாரிடமும் கிடையாது. ஆகவே நான் இலவசக்காரன். அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

அன்றைய வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்ட் சரிமில் 30 காசு கொடுத்துக் கப்பல் ஏறிக் கராம்ஜா தீவுக்குப் போய் லாப்ஸ்டர் பிடிப்பேன். பை நிறைந்ததும் மறுபடி 30 காசு, மறுபடி கப்பல், அங்கிருந்து டிரேனர் பேங்குக்கு ஓட்டம். சில நூறு சேர்ந்ததும் வாராக் நகரத்தின் மேற்குப் பேங்குக்குப் போய் நிற்க வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் கூவிக்கொண்டிருப்பார்கள். எழுத்து மஞ்சளில் மின்னும், சிவப்பில் நெளியும், தலைக்கு மேலே ஓடும். யாராவது நம் பெயரை கிளிக் செய்து டிரேட் கேட்பார்கள். முதல் விண்டோவில் பேரம். இரண்டாவது விண்டோவில் "சரிதானே" என்று ஒரு முறை கேட்கும். அந்த இரண்டாவது விண்டோவை நிதானமாகப் படிக்கக் கற்றுக்கொண்டவன்தான் அங்கே பிழைப்பான். உளுந்து மூட்டையை இறக்கிவிட்டுக் கமிஷன் மண்டியில் விலைக்கு நிற்கிற மாதிரியேதான் இருக்கும். ஒருவரிடம் நல்ல கவசம் இருந்தால் அவர் எவ்வளவு நாள் உழைத்திருப்பார் என்று பார்த்தவுடன் தெரியும். அந்த உலகத்தில் மரியாதை என்பது முழுக்க அந்தக் கணக்கில்தான் நின்றது.

2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை கேமுக்குள் வந்தது. விலையைப் போட்டுவிட்டுப் போகலாம், வாங்குபவர் யாரென்றே தெரிய வேண்டாம். வசதிதான், மறுக்கவில்லை. பேங்க் வாசல் கூச்சல் அதோடு அடங்கிப்போனது.

பெரிய அடி அடுத்த சில வாரங்களில் விழுந்தது. நிஜப் பணத்துக்கு விளையாட்டுக் காசு விற்கும் கும்பல்கள் அப்போது பெருகிப்போயிருந்தன. ஆள் இல்லாமல் புரோகிராமே ஆடும் பாட் அக்கவுண்டுகள், திருட்டுக் கார்டில் கட்டிய சந்தா, அப்புறம் நிஜ பேங்கிலிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்டு வரும் தலைவலி. இதை ஒழிக்க, கேமை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 டிசம்பரில் வைல்டர்னஸ் பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்வதை நீக்கியது. செத்தவர் பொருள் கொன்றவருக்குப் போகும் என்பதால் அதுவும் காசைக் கைமாற்ற ஒரு வழி. 2008 ஜனவரியில் சுதந்திர டிரேடையும் நிறுத்தியது. சில ஆயிரம் காசு வித்தியாசத்துக்கு மேல் நண்பனுக்குக்கூட எதையும் கொடுக்க முடியாது. ஆட்டத்தின் இரண்டு நுரையீரலையும் ஒரே மாதத்தில் எடுத்த மாதிரி இருந்தது. கோபம் எல்லாருக்கும் இருந்தது. ஆனாலும் அந்த முடிவின் பின்னால் ஒரு நேர்மை இருந்ததாகவே இன்றும் நினைக்கிறேன். பணம் கொடுத்து யாரும் இங்கே முன்னேறக் கூடாது, அதற்காக எங்கள் கேமையே காயப்படுத்தவும் தயார் என்றார்கள். வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த வாக்கெடுப்பில் 12 லட்சம் வாக்குகளில் 91 சதவீதம் ஆதரவாக விழுந்தது.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2012 பிப்ரவரியில் வந்தது ஸ்க்வீல் ஆஃப் ஃபார்ச்சூன். தினமும் ஒரு சக்கரத்தைச் சுற்றலாம். சில நாள் காசு விழும், சில நாள் எக்ஸ்பி விளக்கு விழும். விளக்கைத் தேய்த்தால் வேண்டிய ஸ்கில்லில் எக்ஸ்பி ஏறும். சில வாரங்களுக்குள் சுற்றுகளை நிஜப் பணத்துக்கு விற்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் என் மனம் இன்னும் ஆறவில்லை. யாரோ விளையாட்டுக் காசை வெளியே விற்கிறார்கள் என்பதற்காக நண்பனுக்குக் கவசம் கொடுக்கும் உரிமையைக்கூட மூன்று வருடம் பறிகொடுத்தோம். அது ஏமாற்று வேலை என்று சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான். காசையாவது இன்னொருவர் சம்பாதித்திருப்பார். சக்கரத்தில் வரும் எக்ஸ்பியை யாரும் சம்பாதிக்கவில்லை. அது மரத்திலிருந்தும் வரவில்லை, மீனிலிருந்தும் வரவில்லை. சக்கரம் வந்த நாளிலிருந்து ஒருவரின் 99-ஐப் பார்த்தால் "வெட்டினாரா, சுற்றினாரா?" என்ற சந்தேகம் வந்துவிட்டது. விலைக்கு வாங்கியவர்கள் கொஞ்சம் பேராகவே இருக்கலாம். ஆனால் சந்தேகம் எல்லார் தலைமேலும் விழுந்தது, உண்மையாக வெட்டியவன் தலைமேலும்.

2014-இல் சக்கரம் போய் டிரெஷர் ஹன்ட்டர் வந்தது. சக்கரத்துக்குப் பதில் பெட்டிகள், சுற்றுக்குப் பதில் சாவிகள், அவ்வளவுதான் மாற்றம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பொது ஆவணமே இருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், ரூன்ஸ்கேப் ஆடிய மகன் 50,000 பவுண்டுக்கு மேல் கடனில் விழுந்ததாக ஒரு பெற்றோர் சொன்னது பதிவாகியிருக்கிறது. ஒருவர் வாரம் 1,000 பவுண்டு, மாதம் 5,000 பவுண்டு வரை செலவழிக்க முடியும் என்று நிறுவனம் அந்தக் குழுவிடம் சொன்னது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அந்த வரம்பைத் தொட்டவர் ஒருவரே என்றும் சொன்னது. ஒருவர்தான் என்றாலும் அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

2012 நவம்பரில் சண்டை முறையையே மாற்றினார்கள். எவல்யூஷன் ஆஃப் காம்பாட் என்று பெயர். அதுவரை எதிரியை கிளிக் செய்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரோடு ஊர்க்கதை பேசலாம். அதன்பின் திரையின் கீழே பட்டன் வரிசை, அட்ரினலின் அளவு, எதை எப்போது தட்டுவது என்ற கணக்கு. அந்த முறையை ரசிப்பவர்கள் உண்டு, அதில் ஆழமும் உண்டு. ஆனால் கை ஓய்ந்தால்தானே வாய் பேசும். பேச்சு குறைந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை.

நல்லகாலம், 2007 ஆகஸ்ட் மாத நிலையில் ஒரு பழைய பேக்கப் அவர்களிடம் இருந்தது. 2013 பிப்ரவரியில் அதைத் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். கிட்டத்தட்ட நாலரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். நான் அங்கே குடி போனவன் திரும்பவே இல்லை. பழைய அக்கவுண்டின் லெவல்கள் கூட வரவில்லை, எல்லாருக்கும் மறுபடி லெவல் 3-லிருந்து ஆரம்பம். அந்த முதல் வாரத்தில் வெறும் வெண்கலக் கோடாரியோடு ஒரு மரத்தைச் சுற்றி நின்ற முப்பது பேரை மறக்கவே முடியாது. எல்லாருடைய எண்ணும் மறுபடி உண்மையாகிவிட்டது.

அதைக் காப்பாற்றியது வாக்கெடுப்பு விதி. புதிதாக எது வந்தாலும் வாக்களிக்கும் ஆட்டக்காரர்களில் 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். பிற்பாடு 70 ஆக்கினார்கள். கிராண்ட் எக்ஸ்சேஞ்சும் இந்த வழியாகத்தான் 2015-இல் திரும்பி வந்தது. செய்லிங் என்ற கப்பலோட்டும் ஸ்கில் 2015-இல் கேட்கப்பட்டுத் தோற்றது, 2023-இல் மறுபடி கேட்கப்பட்டு வென்றது, 2025 நவம்பரில் கைக்கு வந்தது. ஒரு அப்டேட்டுக்குப் பத்து வருடமா என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தத் தாமதம்தான் பிடித்திருக்கிறது. வடிவமைப்பு மாற்றம் என்றாலே கெடுதல் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2023-இல் மரம் வெட்டுவதில் ஃபாரஸ்ட்ரி என்ற மாற்றம் வந்தது. அதற்கு முன் ஒரே மரத்துக்கு இருவர் வந்தால் போட்டி, முறைப்பு. இப்போது சேர்ந்து வெட்டினால் இருவருக்குமே கூடுதல் லாபம். மரத்தடியில் மறுபடி பேச்சு சத்தம் கேட்கிறது.

பாண்ட் பற்றி மட்டும் என்னால் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. நிஜப் பணத்தில் வாங்கும் சீட்டு அது. வாங்கியவர் அதை எக்ஸ்சேஞ்சில் விளையாட்டுக் காசுக்கு விற்கலாம். அதை வாங்குபவர் 14 நாள் மெம்பர்ஷிப்பாக மாற்றிக்கொள்ளலாம். ஓல்ட் ஸ்கூலில் 2015-இல் வந்தது. நேர்ப்பேச்சாகச் சொன்னால் இதுவும் காசு விற்பதுதான். ஆனால் புதிதாகக் காசோ எக்ஸ்பியோ இதில் முளைப்பதில்லை. யாரோ ஒருவர் உழைத்துச் சேர்த்தது கைமாறுகிறது. கார்டு இல்லாத பையனாக 2006-இல் நின்றவனுக்கு இதன் அருமை தெரியும். மீன் பிடித்தே மெம்பராகலாம். நானும் பல மாதம் அப்படி ஓட்டியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் பாண்ட் விலை பல மடங்கு ஏறிவிட்டது. புதிதாக வருபவருக்கு அது எட்டாத உயரம்.

வெளியே கள்ளத்தனமாகக் காசு விற்பதும் நின்றபாடில்லை. வெனிசுவேலாவில் பொருளாதாரம் சரிந்தபோது, பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்ததை விற்று அரிசி பருப்பு வாங்கியவர்கள் இருந்தார்கள். விதிப்படி அது தப்பு. ஆனாலும் வைல்டர்னஸில் அவர்களைத் தேடித் தேடிக் கொன்றவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

2014-இல் வந்த அயர்ன்மேன் முறையைச் சொல்லாமல் விட முடியாது. மற்ற ஆட்டக்காரர் யாரிடமும் வாங்க முடியாது, எக்ஸ்சேஞ்ச் கிடையாது, பயன்படுத்துவது எல்லாம் நீங்களே வெட்டியதும் பிடித்ததும்தான். சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் சின்னத் தலைக்கவசம் தெரியும். சக்கரமும் பாண்டும் கலைத்த நம்பிக்கையை ஆட்டக்காரர்கள் இந்தத் தலைக்கவசத்தில் திருப்பிப் பிடித்தார்கள் என்பது என் கணிப்பு.

மூலக் கேம் பக்கமும் காற்று மாறியிருக்கிறது. 2023-இல் அங்கே, பணம் கட்டினால் கூடுதல் பரிசு தரும் ஹீரோ பாஸ் வந்து, எதிர்ப்பு தாங்காமல் சில மாதத்தில் போனது. 2025 நவம்பரில், ஒரு லட்சம் வாக்கு வந்தால் டிரெஷர் ஹன்ட்டரையே எடுத்துவிடுவோம் என்று நிறுவனம் அறிவித்தது. வாக்குகள் மளமளவென்று குவிந்தன. 2026 ஜனவரியில் நீக்குவதாகத் தேதியும் சொன்னார்கள். செய்தியைப் படித்த அன்று கண் கலங்கியது உண்மை. பதினாலு வருடம் ஆகிவிட்டதே என்ற வருத்தமும் கூடவே இருந்தது.

இப்போது சேர நினைப்பவர்களுக்கு: ஓல்ட் ஸ்கூலில் ஆரம்பியுங்கள், போனிலேயே நன்றாக ஓடுகிறது. முதல் ஒரு மாதம் இலவசத்திலேயே இருங்கள், அதற்கே நிறைய வேலை இருக்கிறது. பாண்ட் வாங்கிக் காசாக்கி நல்ல கவசத்தோடு தொடங்க வேண்டாம். பத்து நாளில் சலித்துவிடும்.

அக்கா பையனுக்கு அன்று ஒரு இலவச அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தேன். நேற்று ராத்திரி மெசேஜ் அனுப்பியிருந்தான். மரம் வெட்டுவதில் 31-ஆவது லெவலாம், யூ மரத்துக்கு இன்னும் எத்தனை கட்டை என்று கேட்டிருந்தான். கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும்.