7.85 கணக்கும் நானும்: பிளேட் எடை பார்த்த 14 வருட அனுபவம்

திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில், அதாவது இரும்பை வெட்டி வெல்டிங் செய்து பொருள் செய்யும் பட்டறையில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஃபிட்டர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது இரும்பு பிளேட்டின் எடை பார்க்கும் இந்தக் கணக்கு. நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் எடு, தடிமனை மில்லிமீட்டரில் எடு, மூன்றையும் பெருக்கி 7.85-ஆல் பெருக்கு. வருவது கிலோ. ஒரு கன மீட்டர் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பு 7,850 கிலோ என்பதிலிருந்து வந்த எண் அது. இப்போது கொட்டேஷன் போடுவதும் மெட்டீரியல் வாங்குவதும் என் பொறுப்பு. 14 வருடமாக இந்த ஒரு கணக்கு இல்லாமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை.

இதன் அருமை எனக்கு உறைத்தது பணத்தால் அல்ல. ஒரு நாள் 3 மீட்டருக்கு 1.5 மீட்டர், 25 மி.மீ. பிளேட் ஒன்றைத் தூக்க, கைக்குக் கிடைத்த, அரை டன் வரைதான் தூக்கும் செயின் பிளாக்கை (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஓடி வந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மூணு ஒண்ணரை நாலரை. நாலரையை இருபத்தஞ்சால பெருக்கினா நூத்திப் பன்னெண்டரை. எட்டால பெருக்கு, தொள்ளாயிரம். அதுல நூத்துக்கு ரெண்டு கழி." 882 கிலோ. கால்குலேட்டரில் போட்டால் 883. எட்டால் பெருக்கி இரண்டு சதவீதம் கழிக்கும் அந்தக் குறுக்கு வழியை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். புதிதாக வரும் பையன்களுக்கு வெல்டிங் ராடு பிடிக்கக் கற்றுத்தரும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

சரி, குறை எங்கே? கணக்கில் இல்லை, அதில் நாம் போடும் தடிமனில் இருக்கிறது. ஒருமுறை 2500 × 1250 அளவில் 5 மி.மீ. பிளேட் 20 வாங்கினோம். எடைமேடையில் ஏற்றாமல், கணக்கு எடைக்கே பில். ஒரு பிளேட் 122.7 கிலோ, மொத்தம் 2,453 கிலோ. நிறுத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று பணத்தைக் கொடுத்துவிட்டோம். வெட்ட ஆரம்பித்த பிறகு ஒரு துண்டு கைக்கு லேசாகத் தெரிந்தது. மைக்ரோமீட்டர் வைத்தால் 4.7. அடுத்ததும் 4.7. 0.3 மி.மீ. என்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 20 பிளேட்டில் அது 147 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலும் 8,800 ரூபாய்க்கு மேல். வெட்டிய பொருளை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது?

அதிலிருந்து லாரி நிற்கும்போதே அளந்துவிடுகிறேன். வெட்டிய ஓரத்தில் பிசிறு நிற்கும், அதன் மேல் வைத்தால் தடிமன் கூடக் காட்டும். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, துருவையும் செதிலையும் தட்டிவிட்டு, கொஞ்சம் உள்ளே தள்ளி நாலு பக்கமும் பார்க்க வேண்டும். சப்ளையரிடம் கணக்கு எடையா, எடைமேடை எடையா என்று ஆர்டர் போடும்போதே எழுதி வாங்கிவிடுவது இன்னும் நல்லது. எடைமேடை எடை என்றால் பிளேட் கனமாக வந்தால் கூடுதல் பணம் நம் தலையில். நம் கஸ்டமரோ டிராயிங் எடைக்குத்தான் தருவார்.

"எட்டுக்கு நாலு ஷீட்" என்ற வார்த்தையையும் நான் பில்லில் விடுவதில்லை. அடிக்கணக்கில் 8 × 4 என்றால் 2.97 சதுர மீட்டர். அதே பெயரில் விற்கும் 2500 × 1250 ஷீட் 3.125 சதுர மீட்டர். 5 சதவீதம் வித்தியாசம். ஷீட்டின் தடிமனை எண்ணால் சொல்லும் கேஜ் கணக்கும் அப்படித்தான்: 16 கேஜ் என்பது பழைய பிரிட்டிஷ் அளவில் 1.63 மி.மீ., அமெரிக்க அளவில் 1.52 மி.மீ. மில்லிமீட்டரில் எழுதினால் தகராறே இல்லை.

வட்டத் தகட்டில் நான் பட்டது வேறு. 600 மி.மீ. விட்டம், 12 மி.மீ. தடிமன், 40 எண்ணம். ஒன்று 26.6 கிலோ என்று சரியாகத்தான் போட்டேன். ஆனால் வட்டம் வெட்டச் சதுரம் வாங்க வேண்டும், அது 33.9 கிலோ. ஒன்றுக்கு ஏழு கிலோவுக்கு மேல் மூலையாக விழுந்து, ஸ்கிராப் விலைக்குப் போனது. இப்போது கொட்டேஷனில் வாங்கும் எடை, முடிந்த எடை என்று இரண்டு தனிக் கட்டம் வைத்திருக்கிறேன்.

போன் ஆப்களும் பயன்படுத்திப் பார்த்தேன். வேகம்தான், ஆனால் உள்ளே எந்த அடர்த்தி வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 304 ஸ்டெயின்லெஸுக்கு நான் 7.93 போடுகிறேன், அலுமினியத்துக்கு 2.7. கால் வழுக்காமல் இருக்க மேலே புடைத்த பூ வேலை உள்ள செக்கர்டு பிளேட்டுக்கு அந்தப் பூவின் எடை தனி. அதற்கு மில் தரும் அட்டவணையைத்தான் பார்க்கிறேன். மற்றபடி எங்கள் ஷெட் சுவரில் 6, 8, 10, 12, 16, 20, 25 என்று தடிமனும், எதிரே ஒரு சதுர மீட்டருக்கான கிலோவும் பெயிண்டில் எழுதியிருக்கிறோம். செயின் பிளாக் மாட்டும் கொக்கிக்கு நேர் பின்னால், நிமிர்ந்தால் கண்ணில் படும் உயரத்தில்.