புள்ளி நிற்கிறதா? நோட்டோ செரிஃப் தமிழில் ஆறு வருடம்

கும்பகோணத்தில் புத்தக டிடிபி வேலை, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை செய்கிறேன். தேவார உரை, ஊர் வரலாறு, கவிதை என்று எது வந்தாலும் ஆறு வருடமாக உள்பக்கங்களுக்கு நோட்டோ செரிஃப் தமிழ்தான். இலவச எழுத்துரு, அச்சுக்கும் உரிமத் தொல்லை கிடையாது.

முதல் புத்தகத்துக்கு 10 பாயிண்ட் வைத்தேன். திரையில் அவ்வளவு அழகு. லேசாக மஞ்சளடித்த 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் தாளில் அச்சாகி வந்ததும் ஓர் ஓதுவார் ஐயாவிடம் கொடுத்தேன். ஒரு வரியில் விரலை வைத்து, "தம்பி, இது 'என்'னா, 'என'வா?" என்றார். குனிந்து பார்த்தேன். மை கொஞ்சம் பரவி, னகரத்தின் தலையோடு புள்ளி ஒட்டிக்கொண்டு சின்னப் புடைப்பாகத் தெரிந்தது. ஓலை கிழிந்துவிடும் என்று சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்து ஓலைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். தாளில் அச்சடித்தும் அதே சிரமமா என்று மனசு கேட்கவில்லை.

அடுத்த புத்தகத்தில் மீடியம் தடிமனைப் போட்டேன். மெல்லிய கோடுகள் பலப்பட்டன, ஆனால் 'ணு', 'னு' சுழிகள் அடைத்துக்கொண்டன. சரி என்று ரெகுலருக்கே திரும்பி 11.5 பாயிண்ட், வரி இடைவெளி 17 என்று வைத்தேன். புள்ளி தனியாக நின்றது. 160 பக்கம் 176 ஆகி, ஒரு பாரம் (16 பக்கம்) கூடியதில் ஆசிரியருக்கு வருத்தம்தான். 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்கு வந்த தமிழ் அச்செழுத்துகளும் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. அதனால் மிஷனரிகள் இங்கேயே சிறிதாக வார்த்தார்கள். அவர்களுக்குத் தாள் அவ்வளவு அருமை. எனக்குப் படிப்பவர் கண்தான் முக்கியம்.

இந்த எழுத்துருவில் எனக்கு மிகவும் பிடித்தது, அகலத்தை மட்டும் குறைக்கும் வசதி. நீளமான தமிழ்ச் சொல் ஒன்று அடுத்த வரிக்குப் போனால் மீதி வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். பக்கம் அமைக்கும் மென்பொருளில் எழுத்தைப் பக்கவாட்டில் சுருக்கினால் நிற்கும் கோடுகள் இளைத்துவிடும். தடிமனையும் அகலத்தையும் வேண்டிய அளவு மாற்றிக்கொள்ளும் வேரியபிள் வடிவம் இந்த எழுத்துருவுக்கு உண்டு; அதில் அகலத்தைத் துளி குறைத்தால் கோட்டின் கனம் அவ்வளவாகக் கெடுவதில்லை. சாய்வெழுத்தை நான் தொடுவதில்லை, மேற்கோளை உள்தள்ளி வைப்பதே தமிழுக்குப் பொருந்துகிறது.

இப்போதெல்லாம் அச்சுக்குப் போகுமுன் மெய்யெழுத்து நிறைந்த ஒரு பக்கத்தை அதே தாளில் எடுத்து ஓதுவார் ஐயாவிடம் கொண்டுபோகிறேன். அவர் தடங்கல் இல்லாமல் வாய்விட்டுப் படித்து முடித்தால்தான் அச்சுக்கான பிளேட் போடச் சொல்வேன்.