கொம்பாஸ் பெட்டி: கவராயத்துக்காக வாங்கலாம்

உவர்மலையில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு புத்தகக் கடையில் இப்ப நீல நிறத் தகரக் கொம்பாஸ் பெட்டி வந்திருக்கு. விலை 650 ரூபா. "எட்டுச் சாமான் இருக்கு ரீச்சர்" என்று கடைக்காரத் தம்பி திறந்து காட்டினார். நான் பார்த்தது இரண்டைத்தான்: கவராயம், அடிமட்டம்.

காரணம் இருக்கு. சாதாரண தரத் தாளில் அமைப்பு வினாவின், அதாவது உருவங்களைக் கீறி அமைக்கிற கேள்வியின், தலையிலேயே நேர்விளிம்பும் கவராயமும் மாத்திரம் என்று போட்டிருக்கும். பாகைமானியை வைத்து 60° கீறினால் அது அமைப்பே இல்லை. இந்தக் கண்டிப்பு பரீட்சைக்காரர் கண்டுபிடித்ததல்ல. கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் யூக்கிளிட் எழுதிய 'மூலகங்கள்' நூலில் தள உருவங்களை அமைப்பது நேர்கோட்டாலும் வட்டத்தாலும்தான். முதற் புத்தகத்தின் முதல் வேலையே சமபக்க முக்கோணம். எங்கட பிள்ளைகள் 60° எடுக்கிற அதே வில்லுகள். கோணத்தை இருகூறாக்குவது அதே புத்தகத்தில் 9ஆவது. உள்வட்டம் 4ஆம் புத்தகம். பாடத்திட்டம் எத்தனையோ தரம் மாறியும் இதில் யாரும் கை வைக்கவில்லை.

சரி, கவராயம். தலையில் உள்ள ஆணி நல்ல இறுக்கம். 5 சென்ரிமீற்றருக்குத் திறந்து, ஒரு முழு வட்டம் கீறி, திரும்ப அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன்; அசையவில்லை. மலிவுப் பெட்டிகளில் பாதி வட்டத்திலேயே கால் அகன்றுவிடும், தொடங்கின இடத்துக்கும் முடிஞ்ச இடத்துக்கும் நடுவில் ஒரு நெல்மணி வைக்கலாம். யூக்கிளிட்டோ தாளை விட்டுத் தூக்கினதும் கவராயம் மடங்கிவிடும் என்ற மாதிரித்தான் எழுதுகிறார். அதனால் ஒரு நீளத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக வழியை முதற் புத்தகத்தின் இரண்டாவது வேலையாகவே நிறுவி வைத்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பெடியன், "அப்ப என்ர கவராயம் யூக்கிளிட்டின்ரதான் ரீச்சர்" என்றான்!

குறைகள்: மூலைமட்ட விளிம்பில் பிசிறு. பாகைமானியில் இலக்கங்கள் நகம் பட்டாலே அழியுது. கூடவே தருகிற கட்டைப் பென்சில் தடிப்பாகக் கீறும், இரண்டு வில் வெட்டுகிற புள்ளி எதென்று தெரியாது. கழற்றிவிட்டு கூரான பென்சில் போடுங்கோ. எங்கட உப்புக்காற்றுக்கு ஆணி துருப்பிடிக்கும், பெட்டியைத் திறந்தபடி விடவேண்டாம்.

கவராயத்தை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டேன். தரமாட்டினமாம்.