இருங்காட்டுக்கோட்டை வெயிலிலும் சென்னை மழையிலும்: இரண்டு டயர்கள், ஒரே கார்

என்னிடம் உள்ளது ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ; 180 குதிரைத்திறன், முன்சக்கர இழுவை. வாங்கும்போது 205/55 ஆர்16 டயர்கள் இருந்தன (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம்). அவற்றை எடுத்துவிட்டு 17 அங்குல ரிம்மில் 225/45 அளவுக்கு மாறினேன். இரண்டு அளவுகளுக்கும் மொத்த விட்டத்தில் 2.5 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லாததால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்வதில்லை. அந்த ஒரே அளவில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 ஒரு செட்டும், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி08ஆர் ஒரு செட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலும் சென்னையின் அன்றாடச் சாலைகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இரண்டையும் 'ஸ்போர்ட்ஸ் டயர்' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள் என்றாலும் இவை வெவ்வேறு வேலைக்குச் செய்யப்பட்டவை. பைலட் ஸ்போர்ட் 4 சாலைக்காகவே பிறந்தது, வேகமாகவும் ஓடும். நியோவா பந்தயத் தளத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டு, சாலையிலும் ஓட்டத் தகுந்ததாக ஆக்கப்பட்டது. கையால் தொட்டாலே இது தெரியும். நியோவாவின் டிரெட்டில், அதாவது தரையைத் தொடும் மேற்பரப்பில், உள்ள ரப்பர் கட்டிகள் பெரியவை, பள்ளங்கள் குறைவு, பக்கச்சுவரைக் கட்டை விரலால் அழுத்தினால் எளிதில் வளைந்து கொடுக்காது. மிஷலினில் அகன்ற நீளவாட்டுப் பள்ளங்கள் டயரைச் சுற்றி ஓடுகின்றன.

1990ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தளம் 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. வலஞ்சுழியாக ஓட்டுவதால் பாரமெல்லாம் இடப்பக்க டயர்களின் மேல் விழுகிறது. முன்சக்கர இழுவைக் காரில் இடது முன் டயர்தான் மிகவும் பாடுபடும். மிஷலினில் முதல் சுற்றின் முதல் வளைவிலிருந்தே பிடிமானம் கிடைக்கிறது. வரம்பை நெருங்கும்போது அது முதலில் மெல்ல முனகி, பிறகு உரக்கக் கத்தி எச்சரிக்கிறது. பந்தயத் தளத்தில் புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் ஐந்தாறு சுற்றுகளுக்குப் பிறகு, குறிப்பாகப் பிற்பகல் வெயிலில், ஸ்டீயரிங் சற்றே இலேசாகிக் காரின் மூக்கு வளைவின் வெளிப்பக்கம் நழுவத் தொடங்குகிறது. மழையிலும் குளிர்ந்த சாலையிலும் பிடிக்க வேண்டும் என்று அமைக்கப்பட்ட ரப்பர் தன் வெப்ப எல்லையைத் தாண்டும்போது நடப்பது இதுதான். ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் பிடிமானம் திரும்பிவிடுகிறது.

நியோவா இதற்கு நேர் எதிர். குளிர்ந்த நிலையில் மரக்கட்டைபோல் இருக்கிறது. முதல் சுற்றில் அதை நம்பி வளைவில் இறங்கக்கூடாது. சூடேறிவிட்டால், 20 நிமிட ஓட்டத்தின் கடைசிச் சுற்றிலும் முதலில் தந்த அதே பிடிமானத்தைத் தருகிறது. பிரேக் மிதிக்கும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று தள்ளிப்போடத் துணிவு வருகிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே கார் திரும்புகிறது. ஆனால் இது சத்தம் போட்டு எச்சரிப்பதில்லை. பிடிப்பதற்கும் விடுவதற்கும் இடையே உள்ள இடைவெளி குறுகியது என்பதால், அதை உணர ஓட்டுநரிடம் ஓரளவு பழக்கம் இருக்க வேண்டும்.

எந்த டயரானாலும், காற்றழுத்தத்தைக் கவனிக்காதவர் அதன் உண்மையான குணத்தை அறியவே முடியாது. டயருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 6 டிகிரி சூடேறினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். காலையில் குளிர்ந்த நிலையில் 30 வைத்துவிட்டு இறங்கினேன். பிட்டுக்கு (தளத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்திப் பார்க்கும் இடம்) திரும்பியபோது இடது முன் டயரில் 38 காட்டியது. அந்த நிலையில் டயரின் நடுப்பகுதி மட்டும் உப்பித் தரையைத் தொடும், ஓரங்கள் வேலை செய்யாது. நான் கடைப்பிடிப்பது பழைய சாக்பீஸ் முறை: டிரெட்டின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை வெள்ளைக் கோடு போட்டு, நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்து குனிந்து பார்ப்பது. கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. டிரெட்டின் மேலேயே மிச்சமிருந்தால் காற்று அதிகம். என் காருக்குச் சூடான நிலையில் 35 சரியாக அமைந்தது. நியோவாவின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் அதில் இன்னும் ஒன்றிரண்டு குறைக்கவும் இடம் இருந்தது. பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி நான் ஏமாந்ததுண்டு. 33 கேட்ட இடத்தில் 38 இருந்ததை என் சொந்த மீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. நல்ல மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம்.

தேய்மானத்தைப் பற்றி டயரின் பக்கச்சுவரில் உள்ள 'டிரெட்வேர்' எண்ணைப் பார்த்துப் பலரும் கணக்குப் போடுகிறார்கள். எண் கூடினால் தேய்மானம் குறைவு என்று பொருள். மிஷலினில் 320, நியோவாவில் 180. டெக்சாஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்துக்கொண்ட ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு இந்த எண் தரப்படுகிறது, தருவது தயாரிப்பாளரே. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு அப்படியே வைத்து ஒப்பிடுவது சரியாகாது. பக்கத்திலேயே இருக்கும் 'ஏஏ' என்ற குறி ஈரத் தரையில் நேராகப் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது. வளைவில் எப்படிப் பிடிக்கும் என்பதை அது சொல்லாது. என் காரில் இரண்டு செட்டிலும் இடது முன் டயரின் வெளித்தோள்தான் முதலில் தேய்ந்தது. ஆக்டேவியாவின் முன்சக்கரங்களுக்கு நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம். டயரைக் குறை சொல்வதற்கில்லை.

சாலைக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே நியோவாவின் ரீங்காரம் காருக்குள் கேட்கிறது. மேம்பாலங்களின் இணைப்புகள் ஒவ்வொன்றும் முதுகுத்தண்டுக்குத் தெரிகின்றன. இவை அந்த வகை டயருக்கே உரியவை, தெரிந்து வாங்குகிறவர் பொறுத்துக்கொள்வார். பொறுத்துக்கொள்ளக்கூடாதது மழை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையில் நீர் தேங்கிய தடத்தில் போகும்போது, பள்ளங்கள் குறைந்த எந்த டயரும் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். பாதி தேய்ந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும் வரை சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அதுவரை காத்திருப்பது தற்கொலைக்குச் சமம். அதே மழையில் மிஷலின் தந்த நிதானம் என்னை வியக்க வைத்தது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் நாட்களில் அதைத் தவிர வேறெதையும் நான் போடுவதில்லை.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து இத்தகைய டயர்கள் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. பழைய சரக்கும் புதியதென்று விற்பனைக்கு வருகிறது. ஒரு கடையில் எனக்குக் காட்டிய நான்கு டயர்களில் இரண்டு டயர்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவை. பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதியாகப் பொறித்துள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கு டயரிலும் அதைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஒரே செட்டில் சாலை, பந்தயத் தளம் இரண்டையும் சமாளிக்க வேண்டியவருக்கு நான் பைலட் ஸ்போர்ட் 4ஐத்தான் சொல்வேன். ஆண்டுக்கு நாலைந்து முறையாவது பந்தயத் தளத்துக்குப் போகிறவர் நியோவாவைத் தனி ரிம்களில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ஆக்டேவியாவின் பின்னிருக்கைகளை மடக்கினால் நான்கும் உள்ளே அடங்குகின்றன. அங்கேயே மாற்றும்போது டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சரியான அளவு விசையில் முறுக்கும் கருவி) கட்டாயம் வேண்டும்: இந்தக் காரின் போல்ட்டுகளுக்கு 120 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்து சக்கரங்கள் ஆறிய பிறகு, நான்கு சக்கரங்களின் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டே நான் அடுத்த ஓட்டத்துக்கு இறங்குகிறேன்.