கால் மெஷினும் சமையலறைத் துணிகளும்: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்தவை

தையல் மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது ஜாக்கெட். டெய்லருக்குக் கொடுக்கிற கூலியைக் கூட்டிப் பார்த்து, இத்தனை ஜாக்கெட்டில் மெஷின் விலை வந்துவிடும் என்று கணக்குச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கறுப்பு இரும்புத் தலையும் மரப்பலகையும் வார்ப்பிரும்புக் காலுமாக ஒரு மெஷின் பத்து வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் தைத்த ஜாக்கெட் கொஞ்சம்தான். விசேஷத்துக்குப் போடுகிற ஜாக்கெட்டெல்லாம் இன்றைக்கும் தெருமுனை டெய்லரிடம்தான் போகிறது. அந்தக் கைவெட்டு எனக்கு வராது. மெஷின் தன் விலையை எடுத்தது வெறும் நேர்த்தையலில். இட்லித் துணி, கைப்பிடித் துணி, தலையணை உறை, காய்கறிப் பை, பிள்ளைகளின் யூனிஃபார்ம் ஓரம். ஜாக்கெட்டுக்காக வாங்க நினைப்பவர்கள் முதலில் தையல் வகுப்புக்குப் போங்கள். நேர்க்கோட்டில் தைத்தால் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

உஷாவோ மெரிட்டோ உள்ளூர்க் கம்பெனியோ, இந்தக் கறுப்பு மெஷின்களின் அடிப்படை அமைப்பு சிங்கரின் பழைய 15 மாடல் வழியில் வந்தது. அதனால் அடிநூல் சுற்றுகிற பாபின், அதை வைக்கிற பாபின் கேஸ், ஊசி, பெல்ட் எல்லாம் எந்த ஊர் ஃபேன்ஸி ஸ்டோரிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். மதுரையில் இருக்கிறவர்களுக்கு மீனாட்சி கோவிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம் நினைவிருக்கும். கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்து தைப்பார்கள். லேஸ், பட்டன், நூல்கண்டு எல்லாம் பக்கத்துக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடம் வசதிதான், ஆனால் தூண் நிழலில் நின்று பேரம் பேசிய சுகம் அங்கே இல்லை. அது வேறு கதை.

இந்த மெஷினில் ஜிக்ஜாக் கிடையாது, பட்டன் ஓட்டைக்குப் போடுகிற காஜா கிடையாது. ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் வேண்டுமென்றால் வெளியே கொடுக்க வேண்டும். நான் கொடுப்பதில்லை. துணியின் வெளிப்பக்கத்தை வெளியே வைத்து முதலில் ஒரு தையல், பிசிறை ஒட்ட நறுக்கிவிட்டு உள்ளே திருப்பி இரண்டாவது தையல். பிசிறு உள்ளே மாட்டிக்கொள்ளும். பாவாடை, உறை, பை எல்லாமே இப்படித்தான். எத்தனை துவைத்தாலும் பிரியாது.

சமையலறைக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் உழைத்தது அங்கேதான். பழைய எட்டு முழ வேட்டியை வீணாக்காதீர்கள். பல வருஷம் துவைத்து மெலிந்த பருத்தி, இட்லித் துணிக்கு அதைவிட நல்லது கடையில் கிடையாது. தட்டைக் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் இரண்டு விரல் கூடுதலாக விட்டு வட்டமாக வெட்டுங்கள். ஓரத்தை மடித்துத் தைக்கக் கூடாது. மடிப்புக்குள் மாவு போய்க் காய்ந்து, எவ்வளவு அலசினாலும் மறுநாள் புளித்த வாடை அடிக்கும். ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளிச் சின்னத் தையலாக ஒரு சுற்று ஓட்டினால் போதும். நூல் அதுவரை பிரிந்துவந்து தையலில் நின்றுவிடும். நனைத்துப் பிழிந்து விரித்து மாவு ஊற்றி, வெந்ததும் துணியோடு கவிழ்த்துக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இட்லி ஒட்டாமல் வரும்.

மீதி வேட்டியில் வடாம் துணி. கூழ் வடாம் பிழிய அகலம் போதாமல் இரண்டு துண்டை இணைக்க வேண்டியிருக்கும். அந்த இணைப்பு தட்டையாகப் படிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் மேட்டில் விழுந்த வடாமெல்லாம் உடைந்துதான் வரும். இரண்டையும் சேர்த்துத் தைத்தபிறகு ஒரு பக்கப் பிசிறைக் குறைத்து வெட்டி, மறுபக்கத்தை அதன்மேல் மடித்துப் படியவைத்து மேலே ஒரு தையல். ஜீன்ஸ் பேன்ட் காலின் உள்பக்கத் தையலைப் பாருங்கள், பெரும்பாலும் அதே தையல்தான். கத்திரி வெயிலில் காய்ந்ததும் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்துக்கொள்ளலாம்.

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க, கிழிந்த ஜீன்ஸ் இரண்டு துண்டு, நடுவில் பழைய பூத்துவாலை. குறுக்கும் நெடுக்குமாக நாலு தையல் போட்டால் உள்ளே துவாலை சுருளாது. பார்க்க அழகாக இருக்கிறதென்று பாலியெஸ்டர் துணியிலோ கடையில் விற்கிற செயற்கைப் பஞ்சுத் தாளை உள்ளே வைத்தோ தைக்காதீர்கள். சூட்டில் இளகிக் கையில் ஒட்டும். அடுப்பருகே பருத்தி மட்டுமே.

பிறகு பைகள். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் குவிந்துதான் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் ஐந்து கிலோ அரிசி போட்டுத் தூக்கிப் பாருங்கள், பையின் கைப்பிடிக் காது கையோடு வந்துவிடும். காது வைக்கிற இடத்தில் ஒற்றைத் தையல் போட்டு முடித்திருப்பார்கள். பையின் வாயை ஒன்றரை அங்குலம் மடித்து, காதை அந்த மடிப்புக்குள் செருகி, சதுரமாகத் தைத்து, அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு தையல். காடா என்கிற கெட்டிப் பருத்தித் துணியில் இப்படித் தைத்த பைகள் எங்கள் வீட்டில் நிறம் வெளுத்தும் காது அறாமல் இருக்கின்றன. காடாவை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கிவிடும்.

தலையணை உறைக்குப் பட்டனோ ஜிப்போ வேண்டாம். 17க்கு 27 அங்குலத் தலையணை என்றால் 19 அங்குல அகலம், 62 அங்குல நீளம் துணி. இரண்டு நுனியையும் ஓர் அங்குலம் மடித்துத் தைத்து, ஆறு அங்குலம் உள்ளே மடியுமாறு வைத்துப் பக்கங்களை மூடினால் ஆயிற்று. பழைய சுங்குடிச் சேலை ஒன்று இருந்தால் வீட்டிலுள்ள எல்லாத் தலையணைக்கும் போதும், கொஞ்சம் மீதியும் வரும். தலைக்கு அவ்வளவு குளிர்ச்சி.

பிள்ளைகள் வளர்கிற வீட்டில் மெஷினுக்கு ஓய்வே இருக்காது. யூனிஃபார்ம் பாவாடை எடுக்கும்போதே உள்ளே நாலு அங்குலம் மடித்துத் தைத்துவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து இறக்கலாம். இறக்கினால் பழைய மடிப்புக் கோடு வெளிறித் தெரியும். அதன்மேல் அதே நிற நாடாவை ஓட்டிவிட்டால் அது டிசைன் ஆகிவிடும். என் மகளின் வகுப்பில் இதைப் பார்த்து இன்னொரு பிள்ளையும் நாடா வைக்கச் சொல்லி அழுததாம்.

இனி மெஷினின் குணம். வருகிற தொல்லையில் முக்கால்வாசி ஊசியாலும் நூலாலும் வருவது. துணிக்கு அடியில் நூல் கூடுகட்டினால் எல்லாரும் பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்கார்ந்திருக்காது. துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு புதிதாக நூல் கோத்தால் சரியாகிவிடும். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் ஸ்க்ரூ லூஸ், அசையாமலே நின்றால் டைட். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது ஊசியின் தட்டைப் பக்கம் மாறி மாட்டியிருக்கும். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி, வாயில் மாதிரி மெல்லிய துணிக்கும் பட்டுக்கும் 11, ஜீன்ஸுக்கு 16. ஒரே ஊசியில் எல்லாவற்றையும் ஓட்டுவது கஞ்சத்தனம். ஊசியைவிடத் துணி விலை அதிகம்.

ஜீன்ஸ் ஓரம் தைக்கும்போது பக்கத்தையல் மேடு வருகிற இடத்தில் ஊசி ஒடியும். அந்த இடம் வந்ததும் பெடலை விட்டுவிட்டு, ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் நாலாக மடித்த துணித்துண்டைச் செருகிச் சமப்படுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஐந்தாறு தையல் தாண்டிவிட வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரே விதி, தேங்காய் எண்ணெய் கூடாது. நாளாக ஆகப் பிசுபிசுத்து இறுகிவிடும். பக்கத்து வீட்டு மெஷினைப் பிரித்த மெக்கானிக் உள்ளே பார்த்துவிட்டு, "என்னக்கா, மெஷினுக்குத் தலை வாரி விட்டீங்களா?" என்று கேட்டார். நிறமில்லாத மெஷின் ஆயில் சின்ன பாட்டிலில் கிடைக்கும். விட்டபிறகு கழிவுத்துணியில் நாலு வரி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டையில் கறை விழும். துணியை நகர்த்துகிற பற்களுக்கு அடியில் சேரும் பஞ்சையும் பழைய டூத் பிரஷால் எடுத்துவிடுங்கள்.

நடுவில் மோட்டார் மாட்டினோம். நீளமான திரைச்சீலைக்கு அது வரம். ஆனால் கடையில் கொடுத்த கால் ரெகுலேட்டர் அரைமணி ஓடினாலே கொதித்தது, மாற்றித் தரச்சொன்னால் "எல்லாமே அப்படித்தான்" என்றார்கள். வேறு கடையில் வாங்கியது சூடாகவில்லை. இப்போது பெல்ட்டை மாற்றி மாற்றி இரண்டு விதமாகவும் ஓட்டுகிறேன். மூலை திருப்பவும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும், கரண்ட் போன சாயங்காலத்துக்கும் பெடல்தான். கையில் பிடித்துத் தைக்கும் ஸ்டேப்ளர் மாதிரியான மினி மெஷின் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது போடுவது ஒற்றை நூல் சங்கிலித் தையல். நுனியை முடிச்சிடாமல் விட்டால், ஒரு இழு இழுத்தாலே மொத்தமும் கழன்று வரும்.

இந்தக் கறுப்பு மெஷின் பழையதே போதும். வாங்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள். உறுத்தல் இல்லாமல் ஓட வேண்டும். ஊசிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள், ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாபின் கேஸ் உட்காருகிற ஷட்டில் பக்கம் துரு இருந்தாலும் வேண்டாம். பலகை உப்பியிருப்பது, பெயின்ட் போயிருப்பது, பெல்ட் நைந்திருப்பது இவையெல்லாம் விலையைக் குறைக்கப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.