ஈஸ்டர் தீவா, உவா ஹுக்காவா?

பசிபிக் பெருங்கடலில் பரந்துகிடக்கும் பொலினீசியாவின் தொலைதூரத் தீவொன்றில் பழங்காலச் சின்னங்களையும் காட்டுயிர்களையும் ஒருசேரக் காண விரும்புவோர் பெரும்பாலும் சிலி நாட்டுக்குரிய ஈஸ்டர் தீவையே நினைக்கின்றனர். பிரெஞ்சு பொலினீசியாவின் மார்க்கேசாஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த உவா ஹுக்காவை நினைப்போர் வெகு சிலரே.

தொல்லியலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இதில் போட்டிக்கே இடமில்லை. ஈஸ்டர் தீவின் மோஆய் எனப்படும் ஏறத்தாழ 900 கற்சிலைகள், ரானோ ராராக்கு எரிமலைச் சரிவில் பாதி செதுக்கிய நிலையில் பாறையைவிட்டுப் பிரியாமலே கிடக்கும் உருவங்கள், 1960ஆம் ஆண்டின் சுனாமியில் சிதறி 1990களில் மீண்டும் நிமிர்த்தப்பட்ட தொங்காரிக்கி மேடையின் 15 சிலைகள் ஆகியவற்றுக்கு ஈடாக உவா ஹுக்காவில் எதுவும் இல்லை. அங்கே ஹானே பள்ளத்தாக்கின் மெயாவுத்தே என்ற தொல்லிடத்தில் கல்மேடைகளும் செந்நிறக் கல்லில் வடித்த டிக்கி எனப்படும் சில சிறிய மனித வடிவச் சிலைகளும் மட்டுமே உள்ளன.

உயிரினங்களைக் கணக்கில் எடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. மனிதர் குடியேறிய பின் காடழிப்பாலும் எலிகளாலும் ஈஸ்டர் தீவு தன் பனைக்காடுகளையும் தனக்கே உரிய நிலப்பறவைகளையும் முற்றாக இழந்தது; இன்று நிலத்தில் காணப்படும் பறவைகள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவையே. உவா ஹுக்காவும் இழப்புக்கு விலக்கன்று. ஹானே கடற்கரை மணல்மேட்டு அகழாய்வில் கிடைத்த எலும்புகள், அங்கிருந்து மறைந்த பறவையினங்கள் பலவற்றைக் காட்டுகின்றன. ஆயினும் மரமேறிப் பறவைக் கூடுகளைச் சூறையாடும் கப்பல் எலி அங்கே காலூன்றாததால், பிற தீவுகளில் அற்றுப்போன நீலநிற லோரிக்கீட் கிளி இங்கே பிழைத்திருக்கிறது. அதுவும் 1940களில் பக்கத்துத் தீவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவை என்பதுதான் வேடிக்கை.

இரு தீவுகளையும் இணைப்பது முதுகு கறுத்த ஆலா என்ற கடற்பறவை. முன்பு ஈஸ்டர் தீவின் பறவைமனிதச் சடங்கில், ஒரோங்கோ முனையிலிருந்து வீரர்கள் செங்குத்துப் பாறையில் இறங்கி, மோட்டு நுய் திட்டுக்கு நீந்தி, அப்பருவத்தின் முதல் ஆலா முட்டையைக் கொண்டுவரப் போட்டியிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் அச்சடங்கு நின்றுபோனது; இன்று ஒரோங்கோவில் பார்க்கக் கிடைப்பவை கல்வீடுகளும் பறவைமனிதப் பாறைச் செதுக்கல்களும். உவா ஹுக்காவின் தென்கரையை ஒட்டிய ஹெமேனி, தேயுவாவுவா திட்டுகளிலோ அதே ஆலாக்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. தீவினர் முட்டை சேகரிக்கும் வழக்கமும் உண்டு.

பயண வசதியில் ஈஸ்டர் தீவு முந்துகிறது. சாந்தியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரடி விமானப் பயணம் போதும். ஆனால் சிலைகள் உள்ள தேசியப் பூங்காவுக்குள் உள்ளூர் வழிகாட்டியுடனே செல்ல வேண்டும். நுழைவுச்சீட்டு 10 நாள் செல்லுபடியானாலும் ரானோ ராராக்குவுக்கும் ஒரோங்கோவுக்கும் ஒருமுறை மட்டுமே அனுமதி. உவா ஹுக்காவுக்குத் தாஹிட்டியிலிருந்து நுக்கு ஹிவா சென்று, அங்கிருந்து சிறு விமானம் பிடிக்க வேண்டும். அரானுய் சரக்குப் பயணிகள் கப்பலும் வருகிறது. ஆனால் அது நிற்கும் ஒரு பகலில் பள்ளத்தாக்கையும் பறவைகளையும் நிதானமாகக் காண இயலாது.

சிலைகளுக்காகவே செல்பவர் ஈஸ்டர் தீவைத் தேர்வதே முறை. பழஞ்சின்னங்கள், காட்டுயிர்கள் இரண்டும் வேண்டும் என்போருக்கு என் பரிந்துரை உவா ஹுக்காதான். அங்கே சில இரவுகள் தங்கும்படியும், கடல் கொந்தளித்தால் திட்டுகளுக்கான படகுப் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவைக்க இடமிருக்கும்படியும் திட்டமிட வேண்டும்.