அவுன்ஸுக்குப் பத்து டாலர் என்ற கணக்கு: ஒரு தங்கச் சுரங்கப் பங்கில் நான் இழந்த பணமும் ஓர் எச்சரிக்கையும்

தங்கம் தேடும் ஜூனியர் சுரங்க நிறுவனம் (இன்னும் சுரங்கம் தொடங்காமல் தேடுதல் கட்டத்திலேயே உள்ள சிறு நிறுவனம்) ஒன்றின் பங்குகளில் நான் போட்ட 12,600 டாலரில் 1,400 டாலர் மட்டுமே எனக்குத் திரும்பக் கிடைத்தது. தங்கத்தின் விலை சரிந்ததால் இந்த இழப்பு நேரவில்லை; நான் அந்தப் பங்குகளை வைத்திருந்த காலம் முழுவதும் தங்கம் ஏறிக்கொண்டே இருந்தது. நிறுவனம் பொய்யான அளவுகளை வெளியிட்டது என்று சொல்வதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கள் முன் வைக்கப்பட்ட ஒரு கணக்கு பாதியை மறைத்திருந்தது. அந்தக் கணக்கைப் போட்டுக்காட்டியவர் தாம் யாரிடம் பணம் பெறுகிறார் என்பதையும் மறைத்திருந்தார். அதே கணக்கு இப்போது வேறொரு நிறுவனத்தின் பெயரில் சுற்றி வருவதைக் கண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஏறக்குறைய முப்பது பேர், எல்லோரும் சிறு முதலீட்டாளர்கள். வாரம் ஒருமுறை தொலைபேசி வழியாகக் கூடி, கனடாவின் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுவோம். கூட்டத்தை நடத்தியவரை இங்கே ஒருங்கிணைப்பாளர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். பொறுமையாக விளக்குவார், எந்தக் கேள்விக்கும் எரிச்சல் காட்ட மாட்டார், சுரங்கத் துறையின் சொற்கள் அனைத்தும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் மாதத்திலேயே அவர் எங்களுக்குக் காட்டிய கணக்கு இதுதான். நிறுவனத்தின் நிலத்தில் 12 லட்சம் அவுன்ஸ் தங்கம் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. வெளியில் உள்ள பங்குகள் 8 கோடி; ஒரு பங்கின் விலை 15 சென்ட்; ஆகவே மொத்தச் சந்தை மதிப்பு 1.2 கோடி டாலர். அப்படியானால் நிலத்தடியில் கிடக்கும் ஓர் அவுன்ஸுக்குச் சந்தை வெறும் 10 டாலரே தருகிறது. இதே நிலையில் உள்ள பிற நிறுவனங்களுக்கு 50 டாலர் தரப்படுகிறது. எனவே இந்தப் பங்கின் நியாயமான விலை 75 சென்ட்.

பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை எதுவும் இல்லை. நானே இரண்டு முறை போட்டுச் சரிபார்த்தேன், 15 சென்ட் விலையில் 60,000 பங்குகள் வாங்கினேன். ஆனால் வகுக்கப்பட்ட எண்ணும் வகுத்த எண்ணும் எங்கிருந்து வந்தன என்று கேட்கவில்லை.

முதலில் அந்த 8 கோடியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போனது. ஜூனியர் நிறுவனத்துக்குச் சுரங்கம் கிடையாது, விற்பனை கிடையாது, வருமானமும் கிடையாது. அது துளையிடும் ஒவ்வொரு மீட்டருக்கும், அலுவலக வாடகைக்கும், இயக்குநர்களின் சம்பளத்துக்கும் புதுப் பங்குகளை அச்சிட்டுத்தான் பணம் திரட்டுகிறது. பெரும்பாலும் இது தனியார் ஒதுக்கீடு என்ற முறையில் நடக்கும்: தேர்ந்தெடுத்த சிலருக்குச் சந்தை விலையைவிடக் குறைவாகப் பங்குகள் தரப்படும், ஒவ்வொரு பங்கோடும் ஒரு வாரண்ட், அதாவது பின்னொரு நாளில் குறிப்பிட்ட விலைக்கு இன்னொரு பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையும் சேர்த்துத் தரப்படும். இவ்வாறு வாங்கியவர்கள் நான்கு மாதங்களும் ஒரு நாளும் விற்கக்கூடாது என்பது கனடாவின் விதி. அந்தக் காலம் முடிந்ததும் பலர் பங்கை விற்றுப் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு, வாரண்டை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறார்கள். விலை ஏறினால் அவர்களுக்கு லாபம், இறங்கினால் இழப்பதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை. அவர்கள் விற்கும்போது சந்தையில் நின்று வாங்குபவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

நான் வாங்கிய நாளிலேயே 20 சென்ட் விலைக்கான 3 கோடி வாரண்டுகளும், நிர்வாகத்தினருக்கு வழங்கப்பட்ட 80 லட்சம் ஸ்டாக் ஆப்ஷன்களும், அதாவது வாரண்டைப் போலவே குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமைகளும், இருந்தன. ஒருங்கிணைப்பாளரின் கணக்கில் இவற்றுக்கு இடமே இல்லை. நான் வாங்கிய மூன்றாம் மாதம், சந்தை விலை 12 சென்டாக இருந்தபோது, 10 சென்ட் விலையில் 4 கோடிப் பங்குகளும் 4 கோடி வாரண்டுகளும் புதிதாக வெளியிடப்பட்டன. சரியாக நான்கு மாதங்கள் கழித்து விலை 9 சென்டுக்கு இறங்கியது. ‘மலிவு இன்னும் மலிவாகியிருக்கிறது, இப்போது ஆவரேஜ் செய்தவர்களே புத்திசாலிகள்’ என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது; இறங்கிய விலையில் மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பதைத்தான் ஆவரேஜ் என்பார்கள். நான் மேலும் 40,000 பங்குகள் வாங்கினேன். அந்த நாட்களில் எனக்கு விற்றவர்கள் யார் என்பது இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது. அடுத்த ஆண்டு 5 சென்ட் விலையில் 6 கோடிப் பங்குகளும் 6 கோடி வாரண்டுகளும் வந்தன.

இப்போது அதே கணக்கைத் திரும்பப் போடுகிறேன். தங்கத்தின் அளவு மாறவில்லை, அவுன்ஸுக்கு 50 டாலர் என்ற நம்பிக்கையையும் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் பங்குகள் 18 கோடியாகிவிட்டன. வாரண்டுகளையும் ஆப்ஷன்களையும் சேர்த்தால் 31.8 கோடி. வாரண்டுகள் வழியாக வரக்கூடிய பணத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 75 சென்ட் என்று எங்களுக்குக் காட்டப்பட்ட இலக்கு 19 சென்டுக்குச் சுருங்கிவிட்டது. நிலத்தடித் தங்கத்தில் ஒரு கிராம்கூடக் குறையாமலேயே என் உரிமை நான்கில் ஒன்றாகிவிட்டது. கூட்டங்களில் மட்டும் கடைசி வரை 75 சென்ட் என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த 12 லட்சம் அவுன்ஸும் அப்படியொன்றும் உறுதியான எண் அல்ல. கனிம வளம் மூன்று வகைகளாகப் பிரிக்கப்படுகிறது: இன்ஃபர்டு, இண்டிகேட்டட், மெஷர்டு. துளைகள் நெருங்க நெருங்க நம்பகம் கூடுகிறது. எங்கள் நிறுவனத்தின் வளம் முழுவதும் முதல் வகையைச் சேர்ந்தது, அதாவது தொலைவு தொலைவாக இடப்பட்ட துளைகளை வைத்து இடைப்பட்ட பாறையை ஊகித்தது. வெட்டியெடுத்தால் கட்டுப்படியாகும் என்று பொறியியல் ஆய்வில் நிறுவப்பட்ட பகுதிக்கு மட்டுமே இருப்பு என்று பெயர். இன்ஃபர்டு வளத்தை அப்படியே இருப்பாகக் கணக்கிட முடியாது. சுரங்க நிறுவனங்கள் தங்கள் கனிம வளத்தைப் பற்றி வெளியிடும் தகவல்களுக்காகக் கனடாவில் 2001 முதல் நடைமுறையில் உள்ள 43-101 விதிகள் இன்னொன்றையும் தடுக்கின்றன: நிலத்தடியில் உள்ள உலோகத்தின் அளவைச் சந்தை விலையால் பெருக்கி, ‘எங்கள் நிலத்தில் இத்தனை கோடி மதிப்புள்ள தங்கம் இருக்கிறது’ என்று நிறுவனம் அறிவிக்கக் கூடாது. நிறுவனமும் அப்படி அறிவிக்கவில்லை. அந்தப் பெருக்கலை ஒருங்கிணைப்பாளர் செய்தார், ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும்.

துளையிடல் முடிவுகளைப் படிப்பதிலும் நாங்கள் ஏமாந்தோம். ‘42 மீட்டர் நீளத்துக்கு டன்னுக்கு 2.1 கிராம் தங்கம், அதில் 1.5 மீட்டருக்கு 52 கிராம்’ என்று ஓர் அறிவிப்பு வந்த மாலையில் கூட்டமே கொண்டாடியது. உட்கார்ந்து கணக்கிட்டிருந்தால் அடங்கியிருப்போம். 42-ஐ 2.1-ஆல் பெருக்கினால் 88.2, 1.5-ஐ 52-ஆல் பெருக்கினால் 78. எஞ்சியுள்ள 40.5 மீட்டருக்கும் சேர்த்து மிஞ்சுவது 10.2, அதாவது டன்னுக்குக் கால் கிராம். ஒரு மெல்லிய செறிவான இழையில் கிடைத்ததை, ஏறக்குறைய வெறும் பாறையின் மேல் பரப்பிக் காட்டிய எண் அது. அறிவிப்பின் அடியில் ‘உண்மையான தடிமன் இன்னும் அறியப்படவில்லை’ என்ற வரியும் இருந்தது. துளை இழைக்குக் குறுக்கே போகாமல் சாய்வாக அதை ஒட்டியே போயிருந்தால் அந்த 1.5 மீட்டர்கூட உண்மையில் இன்னும் குறைவாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் அப்போதே கேட்ட ஒருவர் எங்களிடையே இருந்தார், ஓய்வுபெற்ற நிலவியலாளரான ஓர் அம்மையார். ‘வாரண்டுகளையும் சேர்த்தால் மொத்தம் எத்தனை பங்குகள்?’ என்று இரண்டு வாரங்கள் தொடர்ந்து கேட்டார். மூன்றாவது வாரம், அவர் விலையை இறக்கி வாங்கப் பார்ப்பவர்களின் ஆள் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஆமோதித்தார்கள். ஆமோதித்தவர்களில் நானும் ஒருவன். அதன்பின் அவர் அழைக்கப்படவில்லை. இழந்த பணத்தைவிட இது என்னை அதிகமாக உறுத்துகிறது. பல மாதங்களுக்குப் பின் அவரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. காலாண்டு நிதி அறிக்கையின் எந்தக் குறிப்பில் வாரண்டுகளின் பட்டியல் இருக்கும் என்பதை அன்றே எனக்குக் காட்டிக்கொடுத்தார். பங்கு மூலதனம் என்ற தலைப்பின் கீழ், காலாவதி நாளோடும் விலையோடும் வரிசையாக இருந்தது. நிர்வாகத்தின் விளக்க அறிக்கையிலும் அன்றைய நிலவரப்படியான எண்ணிக்கை தரப்பட்டாக வேண்டும். செடார் பிளஸ் என்ற பொதுத் தளத்தில் இவை அனைத்தையும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

பிரே-எக்ஸ் மோசடியைப் பற்றியும் எங்கள் கூட்டத்தில் ஒருமுறை பேச்சு வந்தது. இந்தோனேசியாவின் பூசாங்கில் ஏழு கோடி அவுன்ஸுக்கு மேல் தங்கம் இருப்பதாகச் சொல்லி, பல நூறு கோடி டாலர் சந்தை மதிப்பை எட்டிய அந்தக் கனடிய நிறுவனத்தின் மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது 1997-இல் அம்பலமானது. வழக்கமாகத் துளையிலிருந்து எடுக்கும் பாறை உருளையை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி மறு பாதியைச் சரிபார்ப்புக்காக வைத்திருப்பார்கள். அங்கே உருளைகள் பெரும்பாலும் முழுமையாக நொறுக்கப்பட்டுவிட்டன. ‘அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன, இனி அப்படி நடக்க வழியில்லை’ என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் சொன்னதில் உண்மை உண்டு, அதனாலேயே நாங்கள் நிம்மதியடைந்தோம். ஆனால் என் பணம் போனதற்கு யாரும் மாதிரியில் தூள் கலக்கத் தேவைப்படவில்லை. பங்கு வெளியீடு சட்டத்துக்கு உட்பட்டது, வாரண்டு சட்டத்துக்கு உட்பட்டது, சம்பளமும் சட்டத்துக்கு உட்பட்டது. பிரே-எக்ஸைப் போன்ற திருட்டை மட்டுமே எதிர்பார்த்து நிற்பவர், முறைப்படி அறிவித்துவிட்டுச் செய்யப்படுவதைக் கவனிக்காமல் போய்விடுவார்; நான் அப்படித்தான் இருந்தேன்.

முறைப்படி அறிவிக்கப்பட்டவற்றில்தான் ஒருங்கிணைப்பாளரைப் பற்றிய செய்தியும் இருந்தது. நான் பங்கு வாங்குவதற்கு ஏழு வாரங்கள் முன்பு வெளியான அறிவிப்பு ஒன்றில், முதலீட்டாளர்களிடையே நிறுவனத்தை அறிமுகப்படுத்தும் பணிக்காக ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு மாதக் கட்டணமும் ஸ்டாக் ஆப்ஷன்களும் வழங்கப்படுவதாக எழுதப்பட்டிருந்தது. அவர் அந்த ஆலோசனை நிறுவனத்தில் பணிபுரிந்தவர். எங்களிடம் ‘நானும் உங்களைப் போல ஒரு பங்குதாரர்தான்’ என்றே சொல்லிவந்தார். பணம் பெற்றுக்கொண்டு ஒரு பங்கைப் பற்றிப் பேசுபவர் அந்தத் தொகையை வெளிப்படுத்த வேண்டும் என்பது அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கனடாவிலும் இத்தகைய விளம்பரப் பணிக்கு விதிகள் உண்டு. நான் அவரை நேரடியாகக் கேட்டபோது, யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்றார். கூட்டங்களில் நான் எடுத்த குறிப்புகளையும் அந்த அறிவிப்பின் நகலையும் இணைத்து, ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்திருக்கிறேன்.

இரண்டு ஒதுக்கீடுகளிலும் சேர்த்துத் திரட்டப்பட்ட 70 லட்சம் டாலரில் துளையிடலுக்கும் ஆய்வகச் சோதனைக்கும் செலவானது 22 லட்சம் மட்டுமே. மற்றது நிர்வாகக் கட்டணம், ஆலோசனை, பயணம், விளம்பரம் என்று பிரிந்திருந்தது. தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனைகள் என்ற குறிப்பைப் படித்தால், அலுவலக வாடகையும் கணக்கெழுதும் கட்டணமும் இயக்குநர் ஒருவருக்குச் சொந்தமான நிறுவனத்துக்கே போயிருப்பது தெரியும். ஒரு ஜூனியர் பங்கை வாங்கும்முன் இந்த ஒரு குறிப்பையாவது படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், மூன்று பக்கங்களுக்கு மேல் இருக்காது.

கடைசியில் பத்துப் பங்குகளை ஒன்றாக்கும் தீர்மானம் பங்குதாரர் கூட்டத்தில் நிறைவேறியது. எங்களில் வாக்களித்தவர்கள் மிகச் சிலரே. நானும் அந்தப் படிவத்தை அனுப்பவில்லை. என் ஒரு லட்சம் பங்குகள் 10,000 ஆயின, விலை 25 சென்டிலிருந்து மறுபடியும் நழுவத் தொடங்கியது, 14 சென்டில் அனைத்தையும் விற்றேன். பங்குகளின் எண்ணிக்கை 1.8 கோடியாகச் சுருங்கிவிட்டதால், அடுத்த ஒதுக்கீட்டுக்கு இடம் தாராளமாகப் பிறந்துவிட்டது. நிறுவனத்தின் பெயரும் மாற்றப்பட்டுவிட்டது, இயக்குநர்கள் மட்டும் மாறவில்லை.

சென்ற வாரம் நண்பர் ஒருவர், செம்பு தேடும் வேறொரு ஜூனியர் நிறுவனம் மிகவும் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லி ஓர் அட்டவணையை எனக்குக் காட்டினார். அவுன்ஸுக்குப் பதிலாகப் பவுண்டு என்று இருந்தது, கூட்டத்தை நடத்துபவர் அதே ஒருங்கிணைப்பாளர். பங்குகளின் எண்ணிக்கைக்கு நேரே ஒரே ஓர் எண் இருந்தது. வாரண்டுகளுக்கான வரி இம்முறையும் இல்லை.